இன்டிமேஷன் கொடுக்கப்பட்டது

தபால்காரன் தெருவுக்குள் நுழைகிறானா என்று பார்த்துவிட்டுத்தான் இந்த ஊரில் சூரியனே உச்சிக்கு ஏறும் என்று முப்பத்தெட்டு வருஷம் அளந்துகொண்டு திரிந்த குற்றாலிங்கம், ரிட்டயராகிப் பன்னிரண்டு வருஷம் கழித்து, கேட்டுக்கு உள்ளே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு தபாலுக்காகக் காத்திருந்தார். மணி பத்தே முக்கால். அவர் இடத்துக்கு வந்திருக்கும் தபால்காரி லீதியாள் இப்போதுதான் தபாலாபீசை விட்டு இறங்கியிருப்பாள். முதலில் பஜார், பிறகு பேங்க், பள்ளிக்கூடம், கீழத் தெரு, கடைசியில் இந்தத் தெரு. அவர் சைக்கிளில் தேய்த்த பாதையை அவள் ஸ்கூட்டரில் தேய்க்கிறாள், அவ்வளவுதான் வித்தியாசம். வரட்டும். நாலாம் தேதி ரிஜிஸ்டர் பண்ணின கவர், ஆறாம் தேதி அங்கே போயிருக்கும், ரயிலேறினால் விடியும்போது போய் இறங்குகிற ஊர்தானே. ஆறாம் தேதியே மகள் உலகம்மாள் வாங்கிக்கொண்டாள் என்றால் அவள் கையெழுத்துப் போட்ட அட்டை ஒன்பதாம் தேதிக்குள் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வரவில்லையென்றால் வீட்டில் ஆள் இல்லை, ஆபீசில் வந்து வாங்கிக்கொள்ளவும் என்று இன்டிமேஷன் சீட்டுக் கொடுத்து ஏழு நாள் ஆபீசில் வைத்திருப்பார்கள். ஏழு நாளில் ஒருநாள் போய் வாங்கியிருந்தால் அட்டை வரும். வாங்காவிட்டால் கவரே திரும்பி வரும். பதின்மூன்று முடிந்து பதினாலு அனுப்பி, நடுவில் ஞாயிற்றுக்கிழமை, ஆக இன்றைக்கு. அட்டை, இல்லாவிட்டால் கவர். லீதியாள் போன வாரமே போனில் நம்பரைத் தட்டி எங்கே கிடக்கிறது என்று பார்த்துச் சொல்லட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் தாயி என்று சொல்லிவிட்டார். பெற்ற மகள் நம்மை வேண்டுமென்கிறாளா வேண்டாமென்கிறாளா என்பதைக் கண்ணாடிச் சில்லில் பார்த்துத் தெரிந்துகொள்வதா, கையில் வந்து விழட்டும். அட்டை லேசாக இருக்கும். கவர் கனக்காது, உள்ளே ஒரே ஒரு தாள்தான், இருந்தாலும் அட்டையைவிடக் கனக்கும். லீதியாள் பைக்குள் கைவிடும்போதே, அந்தக் கையைப் பார்த்தே, தனக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்தார். தெரிந்துவிடும் என்பதை நினைத்ததும் பஜாரில் அவள் இன்னும் கொஞ்சம் தாமதித்தால் தேவலை என்றிருந்தது.

இன்டிமேஷன். என்ன வார்த்தை அது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவருக்கே வாயில் நுழையவில்லை, ஜனங்களுக்கு எப்படி நுழையும். இண்டிமேசன் என்றார்கள், பிறகு இண்டி போய் மேசன் என்றார்கள், மேசன் சீட்டு வந்திருக்கு என்றார்கள். அரிசி மில் மாடசாமி வீட்டில் சுவர் விரிசல் விட்டிருந்தது; "ஏழு நாளைக்குள்ள மேசன் சீட்டுக்கு வந்திருங்கம்மா" என்று இவர் சொல்லிவிட்டுப் போனதை, ஏழு நாளைக்குள் அரசாங்கத்தில் கொத்தனார் அனுப்புகிறார்கள் என்று அந்தம்மா எடுத்துக்கொண்டு, சுவரோரம் கிடந்த விறகையெல்லாம் ஒதுக்கி, மணல் கூட அடித்து வைத்திருந்தாள். மணல் அடித்தது நிஜம். அதற்குப் பிறகு அந்தக் கதையில் கொத்தனாரே வந்து சுவரைப் பூசிவிட்டுப் போனதாக இவர் சேர்த்துக்கொண்டது இவர் கைவேலை. சொல்லச் சொல்ல அந்தக் கொத்தனாருக்கு ஒரு பேரும் மாறுகண்ணும் வந்துவிட்டன. இன்டிமேஷன் என்பது ஒரு வெள்ளைக்காரத் துரையின் பேர், வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி யாரும் திறக்காமல் ஏங்கிச் செத்த துரை, அவன் ஆவிதான் கதவிடுக்கில் சீட்டுச் செருகுகிறது என்று இன்னொரு கதை. உலகம்மாள் ஒன்பதாவது படிக்கும்போது அதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. எழுந்து போய்ப் பள்ளிக்கூடத்து அகராதியை எடுத்துவந்து விரலை வைத்து வாசித்தாள். "தெரிவித்தல், அறிவிப்பு. அடுத்தது, முழுக்கச் சொல்லாமல் குறிப்பாக உணர்த்துதல், ஜாடை." பிறகு விரல் மேலே ஒரு வரி ஏறியது. "எப்பா, இதுக்கு மேல இருக்க வார்த்தைக்கு நெருங்கிய, அந்தரங்கமானன்னு போட்டிருக்கு. ரெண்டும் ஒரே மாதிரிதான எழுதியிருக்கு. அப்பம் நெருக்கமானவங்களுக்குச் சொல்லுததுதான் இன்டிமேஷனா?" இவர் என்ன சொன்னார்? "ஆமட்டி, நெருக்கமானவன் வீட்டுல இருந்தா கதவத் திறந்திருப்பான்லா, திறக்காதவனுக்குத்தான் சீட்டு" என்றார். அதற்கு மட்டும் சிரித்தாள். முன்பல் ஒன்று லேசாக மற்றதன் மேல் ஏறியிருக்கும். இப்போது ஏறியிருக்கிறதா, சரிபண்ணிக்கொண்டாளா, மூன்று வருஷமாயிற்று பார்த்து, பல்லையா பார்த்தோம் அன்றைக்கு.

கீழத் தெருவில் ஒரு வண்டி சத்தம். இல்லை, கேஸ் சிலிண்டர்காரன். தான் கொடுத்த இன்டிமேஷன்கள் எத்தனை இருக்கும் என்று கணக்குப் போடப் பார்த்து விட்டுவிட்டார். எத்தனை இருந்தால் என்ன, கணக்கில் நிற்பது ஒன்றுதான். தொண்ணூற்று மூணு, ஐப்பசி, மழை. ஆபீசில் தபால் பிரித்து அடுக்கும்போது இவர் சுற்றுகிற தெருக்களுக்கு வந்த ரிஜிஸ்டர் கவர் ஒன்றில் செல்வி உலகம்மாள் என்று இருந்தது. அட்ரஸ் முழுக்க டைப் அடித்திருந்தது; பேர் மட்டும் பேனாவால். அனுப்பியவர் இடத்தில் தேவநேசன், வடக்கே ஏதோ இரும்பாலை, குவார்ட்டர்ஸ் நம்பர். யாரென்று தெரியும். மகள் படித்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் பார்த்த வேதக்காரப் பையன், சர்ச்சுக்குப் போகிறவன், போஸ்ட்மேன் சார் போஸ்ட்மேன் சார் என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவான், ஒருநாள் வெயிலுக்கு மோர் கூட வாங்கிக் கொடுத்தான். அவன் மேல் இவருக்கு என்ன வர்மம்? வேதக்காரன் என்பதா? அப்படித்தான் பிற்பாடு மனைவியிடம் சொன்னார், அவளும் செத்துப் போகிறவரைக்கும் அதையே நம்பினாள். அது இல்லை. அந்த ஊர்ப் பேரைப் பார்த்தார், அதற்கு ரயிலில் இரண்டு ராத்திரி, அவ்வளவுதான் ஓடியது மண்டைக்குள், இரண்டு ராத்திரி, இரண்டு ராத்திரி. கவரை மற்ற தபாலோடு சேர்த்துப் பையில் வைத்தார், வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுபோனார், உள்ளே அவள் தையல் மெஷின் மிதிக்கிற சத்தம் கேட்டது, ஆள் இருந்தாள், சத்தமாக இருந்தாள், இவர் சைக்கிளை விட்டு இறங்காமலே ஒரு காலை ஊன்றிக்கொண்டு கவரின் மேல் எழுதினார். ஆள் இல்லை. இன்டிமேஷன் கொடுக்கப்பட்டது. தேதி. சுருக்கொப்பம். எழுத்து அப்போதெல்லாம் அச்சு மாதிரி இருக்கும். சட்டம் சட்டம்தானே என்று சீட்டையும் ஒன்று எழுதினார், பேர், நம்பர், ஏழு நாள் எல்லாம் போட்டு. போட்டுச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஏழு நாளும் அந்தக் கவர் ஆபீஸ் அலமாரியில் கிடந்தது. காலையில் போனதும் பார்ப்பார், சாயங்காலம் பையை ஒப்படைக்கும்போது பார்ப்பார். ஒருவேளை பிரித்துப் பார்த்திருந்தால். பிரிக்கவில்லை. எவன் காகிதத்தையும் பிரித்ததில்லை, அதில் மட்டும் ஒரு வைராக்கியம், திருடனுக்கும் ஒரு வைராக்கியம். வீட்டுக்கு வருவார், அவள் தோசை வார்த்துப் போடுவாள், இன்னொண்ணு போடவாப்பா என்பாள், போடு என்பார். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, அவள் துணி துவைத்துக்கொண்டிருந்தவள் காக்கிச் சட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "என்னப்பா இது, பாக்கெட்டுல பேப்பர வச்சிட்டே ஊறப் போட்டிருக்கிய, சட்டை பூராவும் கூழு." நகத்தால் வழித்து வழித்து எடுத்தாள். விரல் நுனியில் வெள்ளையாகப் பசை மாதிரி. அதைச் சுண்டி எறிந்தாள். ஆக, பார்க்கப்போனால், இன்டிமேஷன் கொடுத்தாயிற்று. அவள் கையிலேயே கொடுத்தாயிற்று. எந்த விசாரணை வந்தாலும் சொல்லலாம், ஐயா, பெறுநரின் கையில் சேர்ப்பித்தேன். இதை இவர் எத்தனை வருஷம் தனக்குத்தானே சொல்லிச் சிரித்துக்கொண்டார். சிரித்தாரா? சிரித்த மாதிரித்தான் இருக்கிறது. எட்டாம் நாள், வாங்குவார் இல்லை, அனுப்பியவருக்கே திருப்புக என்று எழுதி அனுப்பினார்கள். தையல் மெஷின் அந்த மாதம் முழுக்க ஓடிக்கொண்டுதான் இருந்தது. பிறகு ஒருநாள் நின்றது, என்னட்டி தைக்கலையா என்று கேட்டதற்கு, ஊசி முறிஞ்சிட்டு என்றாள். ஊசி வாங்கிக் கொடுத்தார். மூன்று வருஷம் கழித்துக் கல்யாணம் பண்ணிக் கொடுத்தார். மருமகன் தங்கமான மனுஷன், குறை சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் இன்னும் மோசம், குறை இருந்தால் அதன் மேல் ஒரு பாரத்தை இறக்கி வைக்கலாம். அவர் வேலை பார்த்ததும் தூரத்து ஊர். ஒரு ராத்திரி ரயில். இரண்டுக்கு ஒன்று மிச்சம் என்று ஸ்டேஷனில் நின்று நினைத்துக்கொண்டது ஞாபகம் இருக்கிறது.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருபத்து மூன்று வருஷம் மகளிடம் வாய் திறக்காமல் இருந்தவர்தானே. மூன்று வருஷத்துக்கு முன்னால் பேத்தி சடங்கு வீட்டில், பந்தி முடிந்து சம்பந்தி வீட்டு ஆட்களெல்லாம் ஜமுக்காளத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டு, "நம்ம மாமாவ ஒரு கத சொல்லச் சொல்லுங்க, போஸ்டாபீஸ் கத" என்று கிளப்பிவிட்டார்கள். மேசன் கதை சொன்னார், துரை கதை சொன்னார், சிரித்து உருண்டார்கள், ஒருத்தருக்குப் புரையேறியது. புரையேறினதும் இவருக்கும் ஏறிவிட்டது. இன்னொண்ணு இன்னொண்ணு என்றார்கள். "எனக்குத் தெரிஞ்ச போஸ்ட்மேன் ஒருத்தன், வள்ளியூர்ப் பக்கம், மகளுக்கு வந்த ரிஜிஸ்டர் லெட்டருக்கு மகளுக்கே இன்டிமேஷன் கொடுத்தான் பாத்துக்கிடுங்க" என்று ஆரம்பித்தார். ஆளை மாற்றினார், ஊரை மாற்றினார், இரும்பாலையைப் பட்டாளமாக்கினார், காக்கிச் சட்டையைக் கிணற்றில் போட்டு மீன் சீட்டைத் தின்றதாகச் சொன்னார், மீனைப் பிடித்துக் குழம்பு வைத்து மகளே சாப்பிட்டதாகவும் சொன்னார். எல்லாம் பொய். நடுவில் ஒரே ஒரு நிஜம் வழுக்கி விழுந்துவிட்டது. "அட்ரஸ் பூராவும் டைப் அடிச்சிருக்கான்யா, அவ பேர மட்டும் பேனாவால எழுதியிருக்கான், அந்தப் பேர மெஷினுக்குக் கொடுக்க மனசில்ல போல." அதுதான் கதையிலேயே நல்ல இடம். விட மனசு வரவில்லை. எல்லாரும் ஆஹா என்றார்கள். உலகம்மாள் பாயாசத் தம்ளர்களைத் தட்டில் அடுக்கிக் கொண்டுவந்தவள், நின்றாள். தட்டு சாயவில்லை, ஒன்றும் விழவில்லை. வரிசையாகக் கொடுத்தாள். இவருக்கும் கொடுத்தாள், இவர் முகத்தைப் பார்க்காமல், சூடா இருக்கு என்று சொல்லிக் கொடுத்தாள். இன்னும் அந்தச் சூடு விரலில் இருக்கிறது, தேய்த்தால் போகாது.

ஜமுக்காளத்தை மடிக்கிற நேரத்தில் வந்தாள். ஒரு முனையை அவள் பிடிக்க, மறு முனையை இவர் பிடிக்கும்படி ஆயிற்று. "டைப் இன்ஸ்டிட்யூட்டுல எல்லாருக்கும் அப்ளிகேஷன் அடிச்சிக் கொடுக்கது தேவநேசன்தான். எம் பேரு வார எடத்த மட்டும் காலியா விட்டுட்டுப் பேனாவால எழுதுவான்" என்றாள். சண்டைக்காரக் குரலே இல்லை. காய்கறி விலை சொல்கிற குரல். ஜமுக்காளத்தை ஒரு உதறு உதறினாள், மடித்தாள், முனையோடு முனை வைக்க இவர் பக்கம் வந்தாள், விரலும் விரலும் பட்டன. "அதுல என்னப்பா எழுதியிருந்துச்சி?" இவர் சொன்னார். ஆண்டவன் சாட்சியாக நிஜத்தைச் சொன்னார். "தெரியாதுட்டி. நான் பிரிக்கல." அவள் பார்த்தாள். "உங்களுக்கா தெரியாது?" என்றாள். அவ்வளவுதான். நாற்பத்தேழு வருஷம் அப்பன் வாயிலிருந்து வந்த கொத்தனாரையும் துரையையும் மீனையும் கேட்டு வளர்ந்தவள், அவர் ஆயுசில் சொன்ன ஒரே நிஜத்தை நம்பவில்லை. படித்துவிட்டுத்தான் மறைக்கிறார் என்றே வைத்துக்கொண்டாள். மறுநாள் ரயிலேற்றிவிட மருமகன்தான் வந்தார். அதற்குப் பிறகு போன் பண்ணினால் மருமகன்தான், "அவ வெளிய போயிருக்கா மாமா" என்பார், பின்னால் குக்கர் விசில் அடிக்கும், அதை அணைக்கிற வளையல் சத்தமும் கேட்கும். ஆள் இல்லை. ஆள் இல்லை. மரியாதையான மனுஷன், அவருக்குப் பொய் சரியாக வரவில்லை, இவர் சொல்லிக்கொடுக்கலாம்.

மணி பன்னிரண்டு ஆகப்போகிறது. நெஞ்சில் ஒரு பக்கம் என்னவோ பிடித்த மாதிரி, வாயுவாக இருக்கும். இல்லாவிட்டால்? இப்படி நாற்காலியிலேயே தலை சாய்ந்துவிட்டால் அவளுக்கு யார் இன்டிமேஷன் கொடுப்பது. சாவுக்கும் அதே வார்த்தைதான், ஆபீசில் ஒருத்தன் செத்தால் டெத் இன்டிமேஷன் என்று எழுதுவார்கள், பிறப்புக்கு யாரும் அப்படி எழுதிப் பார்த்ததில்லை. மருமகன் போனுக்குத் தகவல் போகும், அவர் அடுப்படி வாசலில் போய் நின்று எப்படிச் சொல்வார், அவள் அதையும் வாங்காமல் ஏழு நாள் வைத்திருப்பாளோ. சே. இவர் இப்போது அவளுக்கு அனுப்பிய கவருக்குள் எழுதியது மூன்றே வரி. முதலில் தேவநேசன் எழுதியதாகவே ஒரு கடிதத்தைக் கற்பனையாக எழுதிப் பார்த்தார், அன்றைக்குப் பிரித்துப் படித்தது ஞாபகம் வந்துவிட்டது மகளே என்று ஆரம்பித்து, அவன் என்னென்ன எழுதியிருப்பான் என்று, குவார்ட்டர்ஸ் வாசலில் ஒரு வேப்பங்கன்று வைத்திருப்பதாக, வந்தால் நிழல் இருக்கும் என்று. நன்றாகத்தான் வந்தது. வாசித்தபோது இவருக்கே கண்ணில் நீர் வந்தது. அதை நம்பியிருப்பாள், இவரை மன்னித்துக்கூட இருப்பாள். கிழித்துப் போட்டார். பொய்யில் வாங்கின மன்னிப்பை எந்த அலமாரியில் வைப்பது. பிறகு எழுதினார்: நான் அதைப் பிரிக்கவில்லை. என்ன இருந்தது என்று எனக்கு இன்று வரைக்கும் தெரியாது. தெரியாமலே தடுத்துவிட்டேன், அதுதான் நான் செய்தது. கையெழுத்து. அன்புள்ள என்று போடவில்லை, போட உரிமை இருக்கிறதா என்று யோசித்து யோசித்து இடம் விட்டிருந்தார். அதை ஒரே ஒரு தடவை அவள் வாசித்துவிட்டால் போதும். பதில் வேண்டாம். வாசித்தாள் என்பதற்கு அந்த அட்டை, அதில் அவள் கையெழுத்து, அவ்வளவுதான்.

ஸ்கூட்டர் சத்தம். இந்தத் தடவை லீதியாள்தான். கேட்டுக்கு வெளியே நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி முகத்தைத் துடைத்தாள்.

"ஏன் அண்ணாச்சி வெயில்ல இருக்கிய? உள்ள ஃபேன் போட்டு இருக்கலாம்லா."

"ஃபேன் காத்துல லெட்டர் பறந்திரும்லா" என்று வாய் தானாகச் சொல்லியது. கண் அவள் கையையே பார்த்தது. கை பைக்குள் போகவில்லை. பையின் வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வந்துட்டா?" என்றார்.

"வந்துட்டு அண்ணாச்சி." எடுத்துக் கொடுத்தாள். கவர். அவர் எழுத்து. அதன் குறுக்கே பச்சை மையில் வேறொரு எழுத்து. வீட்டில் ஆள் இல்லை, இன்டிமேஷன் கொடுக்கப்பட்டது. ஏழு நாள். வாங்குவார் இல்லை. ஒட்டின இடத்தைத் தடவிப் பார்த்தார். பசை பிரியாமல் அப்படியே இருந்தது.

"அதும் சரிதான்" என்றார் குற்றாலிங்கம். "ஒருவேளை நிஜமாவே ஊர்ல இல்லையோ என்னவோ. திருப்பதிக்குப் போறேன்னு மருமகன் சொன்ன மாதிரி..."

"அண்ணாச்சி." லீதியாள் ஹெல்மெட்டைச் சீட்டில் வைத்தாள். "காலையில பைல இத பாத்ததும் எனக்கு மனசு கேக்கல. எங்க ஸ்டாஃப் குரூப்புல நம்பர் வாங்கி அந்த ஊர்ப் போஸ்ட்மேன்ட்ட பேசிட்டேன். ஏசாதிய."

அவர் ஏசவில்லை.

"மொத நா ஆளு வீட்டுலதான் இருந்தாவளாம். லெட்டர்னு சொன்னதும் அனுப்புனவரு யாருன்னு கேட்டிருக்காவ. சொல்லவும், 'இன்டிமேஷன் மட்டும் கொடுத்துட்டுப் போங்க தம்பி'ன்னு சொல்லிட்டாவளாம். முறையெல்லாம் தெரிஞ்சவங்களா இருக்காவளேன்னு அவனுக்கு ஆச்சரியமாம்."

"தெரியும். ஒம்பதாப்புலயே தெரியும்."

"ஏழாவது நா, சாயங்காலம் கவுண்டர் மூடப் போற நேரத்துல, சீட்டோட ஆபீசுக்கே வந்திருக்காவ. இவன் எடுத்துக் குடுத்திருக்கான். கையெழுத்துப் போடாம கவர மட்டும் கைல வாங்கிப் பாத்துக்கிட்டே நின்னாவளாம்." லீதியாள் கவரில் இருந்த அட்ரஸைக் காட்டினாள். "'எழுத்து ஏன் தம்பி இப்படிக் கோணிக் கோணிப் போகுது, இவருக்குக் கை நடுங்குதோ?'ன்னு கேட்டாவளாம். அவனுக்கு என்ன தெரியும். வயசானவங்களா இருக்கும்னு சொல்லிருக்கான். 'அச்சு மாதிரி எழுதுவாரு'ன்னு சொன்னாவளாம். அப்பறம் திருப்பிக் கொடுத்துட்டு, வாங்கலன்னு எழுதிக்கிடுங்கன்னு போயிட்டாவளாம்."

கேஸ்காரன் தெருக்கோடியில் காலி சிலிண்டரைத் தூக்கி வண்டியில் போட்டான். குற்றாலிங்கம் கவரைத் திருப்பினார், மறுபடி திருப்பினார். எங்கே பிடித்திருப்பாள், இந்த ஓரமா, இந்த ஓரமா.

"எவ்வளவு நேரம் வச்சிருந்தாளாம்?"

"அத நான் கேக்கலியே அண்ணாச்சி."

"ஒரு நிமிஷம் இருக்குமா?"

"இருக்கும். கூடவே இருக்கும்." அவளுக்கும் பொய் சரியாக வரவில்லை. கேட்டுக்குள் வந்து, கையெழுத்து வாங்குகிற தாளைக் கிளிப் அட்டையோடு அவர் மடியில் வைத்துப் பேனாவைத் திறந்து கொடுத்தாள். "திரும்பி வந்ததுக்கு நீங்க ஒண்ணு போடணும்லா. இங்கன."

பேனாவை வாங்கினார். மண்டைக்குள் பழைய குறும்பு ஒன்று மெல்லத் தலைதூக்கியது. நாளைக்கே இன்னொரு கவர் அனுப்பலாம், அட்ரஸை இன்னும் கொஞ்சம் ஆட்டி ஆட்டி எழுதலாம், பார்த்ததும் பயப்படுகிற மாதிரி, அப்போது இன்னும் ஒரு நிமிஷம் கூடுதலாகக் கையில் வைத்திருப்பாள், ஒருவேளை ஓரத்தைக்கூடக் கிழிப்பாள். எப்படி ஆட்டலாம், இந்தக் கையெழுத்திலேயே பழகிப் பார்க்கலாமே என்று 'கு'வை ஆரம்பித்தார். அதன் சுழி கட்டத்தைத் தாண்டி, தாளைத் தாண்டி, அட்டையைப் பிடித்திருந்த லீதியாளின் விரல் நகம் வரைக்கும் போய் இழுத்தது. அவர் இன்னும் ஆட்ட ஆரம்பிக்கவே இல்லை.

"மெதுவாப் போடுங்க அண்ணாச்சி" என்று தெருவைப் பார்த்தபடி சொன்னாள் லீதியாள். "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."